எட்டயபுரம் போகாத செல்லோ

தமிழ்த் திரைப்பாடலின் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வரும் இசைப்பகுதியில், வயலின்கள் கூட்டமாக மேல்ஸ்தாயியில் ஓடிக்கொண்டிருக்கையில், அவற்றுக்கு அடியில் தடித்த, சற்றே கம்மிய குரலொன்று தன்போக்கில் நடந்து போவதைக் கேட்காத காது தமிழ்நாட்டில் இராது. அந்தக் குரல் எந்த வாத்தியத்தினுடையது என்று கேட்டால் மட்டும் பெரும்பாலோர் வயலின் என்றுதான் சொல்வார்கள். அது செல்லோ. வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது, வயலினைப் போலவே நான்கு தந்திகளும் வில்லும் கொண்டது, ஆனால் தோளில் ஏறாமல், நாற்காலியில் அமர்ந்தவரின் முழங்கால்களுக்கு நடுவே, அடியிலுள்ள கம்பியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்பது. இதை வாசித்துப் பிழைப்பவர்களில் மிகச் சிலருக்கே மேடையும் சுவரொட்டியும் உண்டு. மற்றவர்கள் செஷன் கலைஞர்கள், அதாவது எந்த ஒரு குழுவோடும் நிரந்தரமாகக் கட்டுப்படாமல், ஒலிப்பதிவுக்கு அழைக்கப்படும் நாளில் வந்து, எழுதி வைத்ததை வாசித்து, கால்ஷீட் கணக்கில் ஊதியம் பெற்றுச் செல்பவர்கள்.

வயலின் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கர்நாடக இசைக்குள் புகுந்து, இன்று அது இல்லாமல் கச்சேரியே இல்லை என்னும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. அதே பதினாறாம் நூற்றாண்டில், அதே இத்தாலியப் பட்டறைகளில், அதே மரங்களிலிருந்து பிறந்த செல்லோவோ கச்சேரி மேடையின் படியோடு நின்றுவிட்டு, திரைப்பட ஒலிப்பதிவுக் கூடத்தின் வழியாகத்தான் தமிழ்க் காதுக்கு வந்து சேர்ந்தது. தம்பிக்குக் கிடைத்த வரவேற்பு அண்ணனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று விசாரிக்கப் புறப்பட்டால், முதலில் போய் நிற்க வேண்டிய இடம் தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் நிலத்திலுள்ள எட்டயபுரம்.

எட்டயபுரத்தைப் பாரதி பிறந்த ஊராகவே இன்று பலரும் அறிவார்கள். அது நியாயமே என்றாலும், பாரதி பிறந்த 1882-க்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே அவ்வூர் இசை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பமொன்றின் ஆதரவில் இருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசிப்பைக் கேட்கும் வாய்ப்பு அந்தச் சகோதரர்களுக்கு அமைந்தது. முத்துசுவாமி தாம் கேட்ட மேனாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் எனப்படும் அந்தச் சிறு உருப்படிகளை இசை பயிலும் பிள்ளைகள் இன்றும் பாடுகிறார்கள். தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஒரு படி மேலே போய், ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் கற்று, அந்த வில்லைக் கொண்டே ராகங்களை வாசிக்கத் தொடங்கினார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானம் அவரை ஆஸ்தான வித்வானாக வைத்துக்கொண்டது. முத்துசுவாமியும் இறுதிக் காலத்தில் தம்பி இருந்த ஊருக்கு வந்து, 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கேயே காலமானார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு போன்றவர்களும் வயலினைக் கையிலெடுத்துப் பரப்பினார்கள் என்றாலும், அரண்மனைச் சம்பளம் பெற்ற தொடக்ககால வயலின் வித்வான்களுள் ஒருவர் இந்தக் கரிசல் சீமையில் வாழ்ந்தார் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனாகப் பிறந்து அவருக்கே சுவீகார புத்திரரான சுப்பராம தீட்சிதர், 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலை எட்டயபுரத்து அச்சுக்கூடத்திலேயே வெளியிட்டார். கர்நாடக உருப்படிகளை மேனாட்டுக் குறிமுறையில் அச்சிட முயன்றவரும் கிறிஸ்தவருமான ஏ. எம். சின்னசாமி முதலியார் அந்த நூலுக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் முக்கியமானவர். ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் உருட்டியும் பாடும் கமகம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி போட்டு அச்சேற்றிய நூல் அது. கேட்டு வரும் இசையைக் காகிதத்தில் எப்படி நிறுத்துவது என்று எட்டயபுரத்தில் பெரியவர் ஒருவர் முட்டிமோதிய அதே சிக்கல், நூறாண்டு கழித்துச் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் செல்லோக்காரரின் முன்னால் உள்ள ஸ்டாண்டிலும் தாளாகக் கிடக்கிறது.

வயலின் நம்முடையதானபோது வாத்தியத்தில் எதுவும் மாறவில்லை. பிடிக்கும் முறையும் சுருதி கூட்டும் முறையுமே மாறின. மேனாட்டார் நின்றுகொண்டு தாடையில் இடுக்கியதை நம்மவர் சப்பணமிட்டு அமர்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் சார்த்தி, மறுமுனையை மார்புக்கும் தோளுக்கும் நடுவே வைத்துக்கொண்டதால், வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து இடக்கை விடுபட்டு, தந்தியில் தாராளமாக வழுக்கி ஓட முடிந்தது. நான்கு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று கூட்டினார்கள். பாடகரின் குரலுக்கு இணையான உயரத்தில் நிழல்போல் பின்தொடர அது தோதாக அமைந்தது.

செல்லோவை அருகில் வைத்துப் பார்த்தால் சிக்கல் அளவில் இருப்பது தெரியும். அதன் மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தாலும், முதுகும் பக்கங்களும் மேப்பிள் மரத்தாலும் ஆனவை. உடலின் நீளம் சுமார் 75 சென்டிமீட்டர், தலை உள்பட மொத்த உயரம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர். மேற்பலகைக்கும் முதுகுக்கும் நடுவில், பசை எதுவும் இல்லாமல் வெறும் அழுத்தத்தில் நிற்கும் சிறு மரக்குச்சி ஒன்று உண்டு. ஒலியை முன்பலகையிலிருந்து பின்பலகைக்குக் கடத்தும் அந்தக் குச்சியை இத்தாலியர் ஆன்மா என்று அழைக்கிறார்கள். தந்திகள் கீழிருந்து மேலாக சி, ஜி, டி, ஏ என்ற ஸ்வரங்களில் கூட்டப்படுகின்றன. கடைசித் தந்தி விநாடிக்கு 220 முறையும் முதல் தந்தி ஏறக்குறைய 65 முறையும் அதிர்கின்றன. நம்மவர் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது செல்லோவின் அடித்தந்தி. வயலின் பெண்குரலை நினைவூட்டினால் செல்லோ ஆண்குரலை, அதிலும் வயதேறிய ஆண்குரலை நினைவூட்டுவதற்கு இதுவே காரணம். பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. வயோலோனே என்றால் இத்தாலிய மொழியில் பெரிய வயோலா, அதோடு செல்லோ என்ற விகுதி சேர்ந்தால் சின்னப் பெரிய வயோலா என்று ஆகிறது. முழுப்பெயரான வயோலோன்செல்லோவின் வாலை மட்டும் உலகம் வைத்துக்கொண்டுவிட்டது.

வயலினில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர் என்றால் செல்லோவில் 69. திறந்த தந்தியிலிருந்து ஒரு முழு ஸ்வரம் ஏறுவதற்கு, அதாவது ஷட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் போக, வயலினில் விரல் மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நகர்ந்தால் போதும். செல்லோவில் ஏழரை சென்டிமீட்டர் போக வேண்டும். தோடியின் காந்தாரத்தையோ பைரவியின் நிஷாதத்தையோ அசைக்கும் கை, வயலினில் போகும் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் அதே வேகத்தில் போய்த் திரும்பியாக வேண்டும். மேலும், வயலினில் கையை நகர்த்தாமல் ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் நான்கு ஸ்வரங்கள் அடங்கும். செல்லோவின் கீழ்ப்பகுதியில் விரல்களை எட்டிப் பரப்பினாலும் மூன்றுக்கு மேல் அடங்காது. தந்தி தடிமனாக இருப்பதால் வில் தொட்டதும் குரல் எழுவதில்லை, கண்ணிமைப் பொழுது தாமதிக்கிறது. பாடகர் விடும் வேகமான பிருகாவை உடனுக்குடன் பற்றிக்கொள்ள வேண்டிய பக்கவாத்தியத்துக்கு அந்தக் கண்ணிமைப் பொழுது மிக நீண்டது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் வேறு. கர்நாடக இசைக்கு அடிக்குரல் வாத்தியம் தேவைப்படவே இல்லை. பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கச் செய்யும் ஹார்மனி என்னும் முறை மேனாட்டு இசையின் முதுகெலும்பு. அந்த அடுக்குக்கு அஸ்திவாரமிட ஆழமான வாத்தியம் வேண்டும், செல்லோ அதற்கென்றே வளர்ந்தது. நம் இசையில் அஸ்திவாரம் தம்புராவின் மாறாத சுருதி. ஆகவே எட்டயபுரம் அரண்மனைக்கு வயலின் வந்து சேர்ந்ததற்கும் செல்லோ வராமல் போனதற்கும் ரசனைக் குறைவைக் காரணம் காட்ட வேண்டியதில்லை. வேலை இல்லாத வீட்டுக்கு ஆள் வந்து என்ன செய்வது?

அடுக்கிப் பாடும் பழக்கம் தென்கோடித் தமிழருக்கு வேறொரு வாசல் வழியாக வந்தது. எட்டயபுரத்திலிருந்து தென்கிழக்கே போனால் கடல். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கரையின் பரதவர்கள் 1530-களில் போர்த்துக்கீசியரின் துணை நாடிக் கத்தோலிக்கர்களானார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தார். 1586-இல் புன்னைக்காயலில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழ் நூல் அச்சிட்டார். தோணியில் துடுப்பும் வலையும் இழுக்கும்போது ஒருவர் எடுக்கப் பலர் பிடிக்கும் அம்பா பாட்டு ஏற்கெனவே இருந்த கரையில், கோயில் பாடற்குழுவும் பேண்டு வாத்தியமும் வந்து சேர்ந்தன. பின்னாளில் சீர்திருத்த சபைகள் வேரூன்றிய நெல்லைச் சீமை ஊர்களிலும் நான்கு குரலாகப் பிரிந்து பாடும் கொயர் பழக்கமாயிற்று. அந்தப் பாடற்குழுவில் கடைசி வரிசையில் நின்று, மெட்டைப் பாடாமல் மெட்டுக்கு அடியில் வேறொரு வரியைப் பாடும் பேஸ் குரல்காரரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் செல்லோ என்ன செய்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இக்கரை திரையுலகுக்குத் தந்த இசைக்காரர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஜே. பி. சந்திரபாபு. 1927-இல் தூத்துக்குடியில் பிறந்தவர். பெயரில் உள்ள ‘பி’ பனிமயதாஸ் என்பதன் சுருக்கம், ஊரின் பனிமய மாதாவிடமிருந்து வந்தது. இளமையில் கொழும்பிலும் வாழ்ந்தவர். நெஞ்சுக்குரலுக்கும் பொய்க்குரலுக்கும் நடுவே சட்சட்டென்று தாவும் யோடலிங் என்னும் ஆல்ப்ஸ் மலைப் பாட்டு முறையைத் தமிழ்ப் பாட்டுக்குள் எந்தக் கூச்சமும் இல்லாமல் கொண்டுவந்தார். அவர் வாத்தியக்காரர் அல்லர் என்றாலும், துறைமுக ஊரில் பிறந்தவனுக்கு எந்த நாட்டு மெட்டும் அந்நியமில்லை என்னும் தைரியம் அவர் குரலில் கேட்கிறது, அதைப் பின்னாளைய செஷன் கலைஞர்களிடமும் காணலாம்.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபோது ஆர்மோனியமும் வயலினும் மிருதங்கமுமே பின்னணிக்குப் போதுமானவையாக இருந்தன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பாட்டின் இடையிசை வளர வளர, மேனாட்டுக் குறிமுறை அறிந்தவர்களின் தேவை கூடிற்று. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் பாடல்களில் ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்ற உதவியாளர்கள் அந்தத் தேவையை நிறைவேற்றினார்கள். ராமமூர்த்தி தாமே கைதேர்ந்த வயலின் கலைஞர். மயிலாப்பூரில் சிறு அறையொன்றில் தன்ராஜ் மாஸ்டர் கற்றுக்கொடுத்த மேனாட்டு இசைப் பாடம் பல இசையமைப்பாளர்களையும் வாத்தியக்காரர்களையும் உருவாக்கியது, இளையராஜா அவர்களில் ஒருவர். வாத்தியக்காரர்களுக்கு நியாயமான கூலி கிடைப்பதற்கு எம். பி. சீனிவாசன் முன்நின்று கட்டிய திரையிசைக் கலைஞர் சங்கம் துணையாயிற்று. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு, தந்தி வாத்தியப் பிரிவு, அதாவது கூடத்தில் எல்லோரும் ஸ்ட்ரிங்ஸ் என்று சொல்லும் கூட்டம், முன் எப்போதும் இல்லாத அளவு வேலை பார்க்கலாயிற்று.

கூடத்தில் அந்த வேலை நடக்கும் விதம் அறியத்தக்கது. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்குமான பகுதியையும் தாமே முழுமையாக எழுதிவிடுவார். கலைஞர்கள் தத்தம் வரியைத் தங்கள் நோட்டுப் புத்தகத்தில் பெயர்த்துக்கொண்டு, ஓரிரு ஒத்திகையிலேயே பதிவுக்குத் தயாராக வேண்டும். அன்றைக்கு என்ன வாசிக்கப் போகிறோம் என்பது காலையில் நாற்காலியில் உட்காரும்வரை தெரியாது. அதோடு, வயலின்காரர் ஐந்து கோட்டுக் குறிமுறையில் ஒரே ஒரு சாவிக்குறியைப் படித்தால் போதும். செல்லோவின் ஒலிப்பரப்பு அகன்றது என்பதால் அடிக்குரலுக்கு ஒன்று, நடுக்குரலுக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று என மூன்று சாவிக்குறிகளைச் செல்லோக்காரர் படிக்க வேண்டும். கோட்டின் தொடக்கத்தில் இடப்படும் அந்தச் சாவிக்குறி மாறினால், தாளில் அதே இடத்தில் உள்ள அதே புள்ளி வேறு ஸ்வரமாகிவிடும். ஒரு பாட்டின் நடுவில் இரண்டு முறை சாவி மாறினாலும் தடுமாறக் கூடாது. ஒருவர் தடுமாறினால் மொத்தக் கூட்டமும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்பது, எல்லோரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்த அக்காலத்து விதி.

பாட்டைவிடக் கடினமானது ரீ-ரெக்கார்டிங், கூடத்து மொழியில் ஆர்.ஆர். இது ஓடும் படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் வேலை. திரையில் காட்சி ஓட, கண்டக்டரின் கையசைவுக்கு ஏற்ப, கதாநாயகி திரும்பிப் பார்க்கும் கணத்தில் செல்லோ ஸ்வரம் தொடங்கியாக வேண்டும். வசனத்தின் மேல் ஏறக்கூடாத இடங்களில் செல்லோவையே நம்புகிறார்கள். வயலின் வசனத்தோடு போட்டி போடும், புல்லாங்குழல் கவனத்தைத் தன்பக்கம் இழுக்கும், செல்லோ வசனத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். துக்கக் காட்சி என்றாலே செல்லோ என்று ஆனது இதன் விளைவு. அந்த வாத்தியத்தைப் பொறுத்தவரை இது கொஞ்சம் அநியாயம்தான், ஏனெனில் வில்லை எடுத்துவிட்டு விரலால் சுண்டினால் அது குதூகலமாக ஆடவும் வல்லது.

வாத்தியத்தைக் கட்டிக் காப்பதே ஒரு தனித்தொழில். மழைக்காலத்தின் ஈரத்தில் மரம் ஊதி, தந்தியை முறுக்கும் பிரடைகள் இறுகி, திருகினால் அசைய மறுக்கும். குளிரூட்டிய கூடத்துக்குள் சென்றதும் மரம் சுருங்கி, அதே பிரடைகள் வழுக்கித் தந்தி தளர்ந்துவிடும். அழைப்பு நேரத்துக்கு அரை மணி முன்பே வந்து பெட்டியைத் திறந்து வைத்து, கூடத்துக் குளிர் மரத்துக்குள் இறங்கும்வரை காத்திருப்பது அனுபவஸ்தர்களின் பழக்கம். வில்லின் குதிரைவால் ரோமத்தில் தேய்க்கும் ரோசின் என்னும் பிசின் கட்டி வெயிலில் இளகும், உப்புக்காற்றில் எஃகுத் தந்தி பொலிவிழக்கும். தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் செல்லோ வைத்திருப்பவர் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலமொன்றைப் போடாமல் மூடுவது புத்திசாலித்தனமாகாது.

சென்னைக் கூடங்களில் இந்த வேலையைப் பார்த்தவர்களுள் ஒருவர் வி. ஆர். சேகர். இளையராஜாவின் இசைக்குழுவில் செல்லோ வாசித்த இவரது பெயர், திரைக்கு வெளியே மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்னும் நால்வர் குழுவால் பரவலாகத் தெரியவந்தது. வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மன் அமைத்த அக்குழுவில் இரண்டாம் வயலினை மோகன் ராவும், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவைப் பி. ஜே. சந்திரனும், செல்லோவைச் சேகரும் வாசித்தனர். நரசிம்மன் கே. பாலசந்தரின் ‘அச்சமில்லை அச்சமில்லை’ (1984) படத்துக்கு இசையமைத்தவர். தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் தனி வயலின் வாசித்தவரும் அவரே. பகலெல்லாம் பிறர் எழுதியதை வாசித்துவந்த நான்கு செஷன் கலைஞர்கள், தங்களுக்கென்று ஒரு மேடை தேடி, தியாகராஜர் கீர்த்தனைகளை இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்னும் ஐரோப்பிய நால்வர் அமைப்பில் வாசிக்கத் துணிந்தார்கள் என்பதே இந்தக் குழுவின் சிறப்பு.

அந்தத் துணிச்சலின் கடினம் செல்லோவின் நாற்காலியில்தான் வந்து விழும். முதல் வயலின் கீர்த்தனையைக் கமகத்தோடு வாசித்துக்கொண்டு போகலாம். அதற்கு அடியில் செல்லோ எந்த ஸ்வரத்தைப் பிடிப்பது? மோகனத்தை எடுத்துக்கொண்டால் அதில் ஸ, ரி, க, ப, த என்று ஐந்தே ஸ்வரங்கள். மேனாட்டு ஹார்மனியில் வாக்கியம் முடிந்தது என்று காதுக்குச் சொல்லும் வழக்கமான நடைக்கு மத்தியமமும் நிஷாதமும் வேண்டும், மோகனத்தில் அவை இரண்டுமே இல்லை. பாடப்புத்தக முறைப்படி அடுக்கினால் ராகம் கெடும், அடுக்காமல் விட்டால் நால்வர் குழு எதற்கு என்ற கேள்வி எழும். ஆகவே செல்லோ சில இடங்களில் தம்புராவாக மாறி ஷட்ஜத்தைப் பிடித்து நிற்கவும், சில இடங்களில் ராகத்துக்கு உட்பட்ட ஸ்வரங்களாலேயே மெட்டுக்கு எதிர்த்திசையில் ஒரு வரி நடக்கவும், சில இடங்களில் பேசாமல் இருக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு இசையும் அறிந்தவர் கையில்தான் இது நிற்கும். ஒன்றை மட்டும் அறிந்தவர் இந்த வேலைக்கு வந்தால் பத்தே விநாடியில் வெளிப்பட்டுவிடுவார்.

செல்லோவில் ராகத்தை முழுமையாகவே வாசிக்க விரும்புபவருக்கும் வழி இல்லாமல் இல்லை. மேலிரண்டு தந்திகளை ஒரு முழு ஸ்வரம் தளர்த்தினால் டி, ஏ என்பவை சி, ஜி ஆகி, நான்கும் ஸ-ப-ஸ-ப என்று அமைந்துவிடும். தந்தியின் பாதி நீளத்துக்கு மேலே போய்விட்டால் எஞ்சும் தந்தி முப்பத்து நான்கு சென்டிமீட்டர் சொச்சம், கிட்டத்தட்ட வயலின் அளவு. அங்கே இடக்கைக் கட்டைவிரலையே தந்தியின் மேல் குறுக்காக வைத்து நகரும் மேனாட்டு உத்தியோடு கமகத்தையும் சேர்த்தால் தூரம் ஒரு தடையாக இராது. வடக்கே இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர்கள் உண்டு. டெல்லியில் வாழும் டச்சுக் கலைஞர் சாஸ்கியா ராவ்–டி ஹாஸ், வாத்தியத்தையே சிறிதாக்கி, ஐந்து வாசிக்கும் தந்திகளும் உடன் அதிரும் பத்துத் துணைத் தந்திகளும் கொண்டதாக மாற்றி, தரையில் அமர்ந்து வாசிக்கிறார். அமெரிக்கரான நான்சி லெஷ், ருத்ரவீணை மேதை ஜியா மொஹியுதீன் டாகரிடம் துருபத் பயின்று, அந்த நிதானமான ஆலாபனையைச் செல்லோவுக்குக் கொண்டுவந்தார். துருபத்தில் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு மெல்ல வழுக்கும் நடை செல்லோவின் நீண்ட தந்திக்கு இயல்பாகவே பொருந்தியது.

யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, 1958 கலவரத்தையொட்டிக் குடும்பத்தோடு சென்னை வந்த எல். சங்கர் இதற்கு நேர்மாறான வழியில் போனார். செல்லோவின் ஆழம் வேண்டும், ஆனால் வயலினின் கைத்தூரமே வேண்டும் என்று நினைத்தவர்போல, 1980-இல் இரண்டு கழுத்தும் பத்துத் தந்திகளும் உடைய மின்வயலினை வடிவமைத்தார். டபுள் பேஸ், செல்லோ, வயோலா, வயலின் நான்கின் ஒலிப்பரப்பும் அதில் அடங்கும். பீட்டர் கேப்ரியல் இசையமைத்த ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறிஸ்ட்’ (1988) படத்தில் அந்த வாத்தியம் ஒலித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டனில் சில ஒலித்தட்டு நிறுவனத்தார் கூடி, கடையில் எந்த அலமாரியிலும் அடங்காத பிறநாட்டு இசையை விற்பதற்காக உலக இசை என்ற பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வியாபார வசதிக்காகப் பிறந்த அந்தச் சொல்லின்கீழ், ஐரோப்பிய வாத்தியத்தில் தம் மண்ணின் இசையை வாசிப்பவர்களையும் சேர்த்துவிட்டது காலம். சீன அமெரிக்கரான யோ-யோ மா 1998-இல் பட்டுப்பாதை நாடுகளின் கலைஞர்களைத் திரட்டியதும், ‘க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ (2000) படத்தில் சீன வில்வாத்தியத்தின் சாயலைச் செல்லோவில் கொண்டுவந்ததும் அந்த வகையில் உலகெங்கும் அறியப்பட்டவை.

மன்னார் வளைகுடாவின் மறுகரையைச் சேர்ந்த செல்லோ மேதையைத் தமிழ் வாசகர்கள் இன்னும் அதிகம் அறிந்திருக்க வேண்டும். இலங்கைப் பெற்றோருக்கு 1939-இல் இங்கிலாந்தில் பிறந்த ரோகன் டி சேரம், காஸ்பர் கசாடோவிடமும் பாப்லோ கசால்சிடமும் பயின்று, 2005 வரை ஆர்டிட்டி நால்வர் குழுவில் செல்லோ வாசித்தார். கெட பெரய என்னும் கண்டி மேளத்தையும் முறையாகக் கற்றவர் அவர். இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ அந்த மேளத்தாளங்களை அவரிடம் கேட்டு, செல்லோவின் மரத்தைக் கையால் தட்டியும் வில்லால் இழுத்தும் வாசிக்க வேண்டிய தனிப்பாடமொன்றை 2002-இல் அவருக்கென்றே எழுதினார். முத்துக்குளிப்பவர்களைப் பற்றி ஐரோப்பா செய்த இசையோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். பிரெஞ்சுக்காரர் பிஸே 1863-இல் இலங்கைக் கரையைக் களமாக வைத்து முத்துக்குளிப்போர் பற்றிய இசைநாடகம் எழுதினார். அதன் கதை முதலில் மெக்சிகோவில் நடப்பதாக இருந்து, பிறகு இலங்கைக்கு மாற்றப்பட்டதாம்! பிஸேவுக்கு அக்கரை ஒரு திரைச்சீலை. பெரியோவுக்கோ டி சேரத்தின் விரல்களே கரை. அந்த மேதை 2024-இல் மறைந்தார்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. பார் எனப்படும் கடலடிப் படுகைகளில் சிப்பி அருகிவிட்டது, 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வூரில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். செஷன் கலைஞரின் உலகிலும் அதற்கு ஒப்பான மாற்றம் 1992-இல் ‘ரோஜா’ வந்த காலத்தில் தொடங்கியது. ஒரே கூடத்தில் எல்லோரும் சேர்ந்து வாசித்தது போய், ஒவ்வொருவராகத் தனித்தனியே பதிவு செய்து கணினியில் அடுக்கும் முறை வந்தது. உண்மையான செல்லோவின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பதிந்து வைத்து, கீபோர்டில் தட்டினால் ஒலிக்கச் செய்யும் சாம்பிள் தொகுப்புகளும் வந்தன. பெரிய தந்திக்குழு வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குப் போவதும் வழக்கமாயிற்று. 2005-இல் இளையராஜாவின் திருவாசக இசைத்தொகுப்புக்கு புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய அவருடைய சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் குழு வாசித்தது. மறுபுறம், ஏ. ஆர். ரஹ்மான் 2008-இல் சென்னையில் நிறுவிய இசைப்பள்ளியும், வசதியற்ற குடும்பப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தந்தி வாத்தியம் கற்பிக்கும் அதன் சன்ஷைன் இசைக்குழுவும், செல்லோ வாங்க வழியில்லாத வீடுகளிலிருந்து செல்லோக்காரர்களை உண்டாக்கத் தொடங்கியிருக்கின்றன.

சாம்பிளால் எட்ட முடியாத ஓர் இடம் இன்னும் செஷன் கலைஞரிடம் இருக்கிறது. நீட்டிப் பிடிக்கும் தனி ஸ்வரத்தைக் கணினி பிழையின்றித் தரும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் வழியை, அதிலும் ராகத்துக்குரிய வழியை, அது பதிந்து வைத்திருப்பதில்லை. ஆகவே இன்றைய இசையமைப்பாளர் அடிப்படைக் கூட்டத்தைக் கணினியில் செய்துகொண்டு, அதன்மேல் உயிருள்ள ஒரு செல்லோவைப் பூசுவதற்கு ஒரே ஒரு கலைஞரை அழைக்கிறார். கூடம் சுருங்கி அறையாகிவிட்டது. கண்டக்டர் இல்லை, காதில் மாட்டிய ஹெட்போனில் க்ளிக் என்னும் தாளத்தட்டு மட்டும் ஒலிக்கிறது. கலைஞர் அதே வரியை முதலில் ஒரு முறை வாசிக்கிறார். பிறகு நாற்காலியை மைக்கிலிருந்து அரை அடி பின்னுக்குத் தள்ளி, வில்லழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, வேறொருவர் வாசிப்பதுபோல இரண்டாம் முறை. அதற்குப் பிறகு, இன்னொரு செல்லோ இருந்தால் அதை எடுத்து மூன்றாம் முறை, நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தி நான்காம் முறை. எட்டுத் தடவை முடிந்ததும், திரையரங்கில் அமர்ந்திருப்பவரின் காதுக்கு அங்கே எட்டுப் பேர் இருக்கிறார்கள்.